சூரிய உதயப் படங்களில் முகத்தின் மேல் பச்சைப் புள்ளி: போன் கேமராவை மாற்ற வேண்டுமா?

குமரிமுனைச் செல்வி:

வணக்கம். கன்னியாகுமரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதியில், வரவேற்பறையில் வேலை செய்கிறேன். உதயம் பார்க்க வருகிறவர்கள் விடியும் முன்பே குடும்பம் குடும்பமாக எங்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். "ஒரு படம் எடுத்துக் கொடும்மா" என்று கேட்பார்கள். சிலருடைய போன் மிகவும் பழையதாக இருக்கும். அவர்களுக்கு என் போனிலேயே எடுத்து அனுப்பிவைப்பேன். இது என் வேலையில் சேராது. எனக்குப் பிடித்துச் செய்கிறேன்.

கடல் விளிம்பில் சூரியன் சிவப்பாக இருக்கும்வரை தொல்லை இல்லை. கொஞ்சம் மேலே ஏறியதும் படத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்துவிடுகிறது. சில படங்களில் திருவள்ளுவர் சிலையின் மேல், சில படங்களில் நிற்பவர்களின் முகத்தின் மேல். அத்துடன் படம் முழுவதும் வெளிறிவிடுகிறது. அரக்குச் சேலை கட்டியவர் சாயம் போன சேலையில் நிற்பதாகத் தெரிகிறது. அண்மையில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பதி, அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகளுடன் வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் கன்னத்தில் சரியாகப் புள்ளி விழுந்துவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். கேமராவே பழுது, மாற்றுவதற்கு 3,200 ரூபாய் ஆகும் என்றார்கள். என் அண்ணனின் போனில் எடுத்துப் பார்த்தால் அதிலும் புள்ளி வருகிறது, ஊதா நிறத்தில். இரண்டு போனும் ஒன்றாகவா பழுதாகும்? பணம் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன் வாங்கிய அன்று கேமராவின் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிக் கொடுத்தார்கள். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

முப்பந்தல் காற்று:

கேமராவை மாற்றாதீர்கள். இதற்கு லென்ஸ் ஃபிளேர் என்று பெயர். எல்லாப் போனிலும் வரும்.

நான் மாலை நேரத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் படம் எடுப்பவன். சூரியனைக் காற்றாலையின் தண்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டால் புள்ளி வராது. சுற்றுகிற இறக்கையை நம்பக்கூடாது. அது விலகும் நொடியில் ஒளி நேரே உள்ளே வந்துவிடும். உங்களுக்கு ஒரு தென்னை மரமோ விளக்குக் கம்பமோ கிடைத்தால் போதும். வந்துவிட்ட புள்ளியை அழிக்கவும் செயலிகள் இருக்கின்றன. ஸ்னாப்சீடில் ஹீலிங் என்ற கருவியைத் தட்டினால் மறைந்துவிடும்.

நாஞ்சில் நிழற்படம்:

தங்கச்சி, அந்த 3,200 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நாகர்கோவிலில் பிலிம் காலத்திலிருந்து ஸ்டூடியோ நடத்துகிறவன். உங்களுக்கு இருக்கும் தொல்லை ஒன்றல்ல, இரண்டு. புள்ளி வேறு, வெளிறல் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கேமராவே கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

முதலில் புள்ளி. போன் கேமராவுக்குள் ஐந்து, ஆறு, சிலவற்றில் ஏழு சிறு லென்ஸ்கள் அடுக்காக இருக்கும். அவற்றுக்குப் பின்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் மெல்லிய வடிகட்டி, அதற்கும் பின்னால் படத்தைப் பதியும் சென்சார். பூச்சு இல்லாத கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல பூச்சு இருந்தால் அது அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆனால் முழுவதும் நின்றுவிடாது. சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கு சென்சாரில் பட்டுத் திரும்பி, முன்னால் இருக்கும் வடிகட்டியிலோ லென்ஸிலோ மோதி, மீண்டும் சென்சாருக்கே வருகிறது. அப்படி இரண்டாம் முறை வந்து பதியும் ஒளிதான் உங்கள் பச்சைப் புள்ளி.

அரை சதவீதத்தில் அரை சதவீதம் என்றால் 40,000-இல் ஒரு பங்கு. அது தெரியவா போகிறது என்று கேட்கலாம். உச்சிப்பொழுதுச் சூரியனின் வட்டு, நீல வானத்தைவிட லட்சம் மடங்குக்கும் மேல் பிரகாசமானது. அதில் 40,000-இல் ஒரு பங்கு, நிழலில் இருக்கும் முகத்தின் மேல் விழுந்தால் நன்றாகவே தெரியும். உதய வேளையில் சிவந்த சூரியனுக்கு அந்த வலு கிடையாது. அடிவானத்திலிருந்து ஒளி காற்றின் ஊடே நீண்ட தூரம் வருவது அதை அடக்கி வைத்திருக்கிறது. மேலே ஏற ஏறத்தான் புள்ளி வருகிறது என்று நீங்கள் கவனித்தது மிகச் சரி. நிறத்துக்கும் காரணம் உண்டு. பூச்சு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் அடக்குவதில்லை. தப்பி வரும் மிச்சம் உங்கள் போனில் பச்சையாகவும் உங்கள் அண்ணன் போனில் ஊதாவாகவும் இருக்கிறது.

இனி முக்கியமான செய்தி. இந்தப் புள்ளி கண்ட இடத்தில் விழுவதில்லை. படத்தின் நடுவிலிருந்து சூரியன் வலப்பக்கம் மேலே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, புள்ளி இடப்பக்கம் கீழே அவ்வளவே தள்ளி விழும். கேமராவில் கட்டக் கோடுகளைத் திரையில் வரவழைத்துக்கொண்டால் இது கண்ணுக்கே தெரியும். இன்று இரவு அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பை எரியவிட்டுப் போனை அதன் பக்கம் திருப்புங்கள். போனை மெல்ல அசைத்தால், திரையில் பல்பு இடப்பக்கம் போகும்போது புள்ளி வலப்பக்கம் போக வேண்டும். அப்படிப் போனால் அது பிரதிபலிப்பு. போனில் குறை இல்லை. எப்படி அசைத்தாலும், விளக்கே இல்லாவிட்டாலும், ஒரு கறை ஒரே இடத்தில் நின்றால் மட்டும் பழுதைப் பற்றி யோசிக்கலாம்.

எனவே படம் எடுப்பதற்கு முன்பே புள்ளியைத் திரையில் தேடுங்கள். அது தெரியும். தெரிந்தபின் அதை உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். புள்ளி என்பது மேலதிகமாகச் சேரும் ஒளி. இருண்ட இடத்தில் விழுந்தால் பளிச்சென்று தெரியும், வெளிச்சமான இடத்தில் கரைந்துவிடும். சூரியனுக்கு எதிரே நிற்கும் சிலையும் மனிதர்களும் கருமையாக இருப்பதால்தான் அவர்கள் மேல் விழும்போது கண்ணை உறுத்துகிறது. போனைக் கொஞ்சம் சாய்த்து, பிரகாசமான வானத்தின் மேலோ மின்னுகிற கடல் நீரின் மேலோ புள்ளியை இறக்கிவிடுங்கள். சூரியனைப் படத்தின் நட்டநடுவில் வைத்தால் புள்ளி சூரியனோடு சேர்ந்தே மறைந்துவிடும். சூரியனைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டால் இந்தப் புள்ளியும் பெரும்பாலும் வெளியே போய்விடும்.

முப்பந்தல் தம்பி சொன்னபடி மறைக்கவும் செய்யலாம். உங்களுக்குக் கம்பம் எதற்கு, சிலையே இருக்கிறது. பீடத்தோடு சேர்த்து 133 அடி. 400 மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது சூரிய வட்டைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான உயரமாகத் தெரியும். அந்த உயரம் ஏறச் சூரியனுக்கு 20 நிமிடங்களுக்கு மேல் வேண்டும். நம் ஊரில் சூரியன் அநேகமாக நேராக மேலே ஏறுகிறது. சற்றே தெற்குப் பக்கம், அதாவது உங்கள் வலப்பக்கம், சாய்ந்து போகும். நீங்கள் மாடியில் இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் சிலையின் பின்னாலேயே அதை வைத்துக்கொள்ள முடியும். எல்லா மாதமும் இது அமையாது. சூரியன் டிசம்பரில் தென்கிழக்கே தள்ளியும் ஜூனில் வடகிழக்கே தள்ளியும் உதிக்கிறது. உங்கள் மாடிக்கு எந்த மாதம் ஒத்துவருகிறது என்பதை நீங்கள்தான் பார்த்து வைக்க வேண்டும். அங்கேயே இருக்கிறவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. எங்களைப் போல் காரில் வந்து போகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது வெளிறல். இதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது: விரல் எண்ணெய், கடல் உப்பு, கீறல், நீங்கள் சொன்ன அந்த ஒட்டுக் கண்ணாடி. உள்ளே இருக்கும் லென்ஸுக்கு நிறுவனம் பூசிய பூச்சு, மேலே ஒட்டிய மலிவான கண்ணாடிக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டுக்கும் இடையில் காற்று வேறு, அதனால் ஒளி பட்டுத் திரும்பும் பரப்புகள் கூடிவிடுகின்றன. தயங்காமல் அதை எடுத்துவிடுங்கள்.

பழைய கேமராக்களில் லென்ஸுக்கு முன்னால் ஹூட் என்று ஒரு குழலை மாட்டுவோம். பக்கவாட்டு வெயில் லென்ஸில் படாமல் இருக்கத்தான். போனுக்கு அது கிடையாது. உங்கள் கைதான் ஹூட். குமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் கோயிலின் கிழக்கு வாசலைச் சாத்திவைத்தார்கள் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். சூரியன் படத்துக்கு வெளியே இருக்கும்போது, கையின் நிழல் போனின் பின்புறம் லென்ஸின் மேல் விழும்படி பிடியுங்கள். நிழல் விழுந்த நொடியில் திரையில் நிறங்கள் திரும்பிவருவதைப் பார்க்கலாம். விரல் படத்துக்குள் வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. போனில் எச்.டி.ஆர். தானாக வேலை செய்யும். அது இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குகிறது. முகத்தோடு சேர்த்து முகத்தின் மேல் இருக்கும் புள்ளியையும் தூக்கிக் காட்டும். உருவங்களைக் கருநிழலாகவே எடுப்பதென்றால் அதை அணைத்துவிட்டு, திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இறக்கி எடுங்கள். 0.5 என்று காட்டும் அகன்ற லென்ஸை உதய வேளையில் தொடாதீர்கள். அவ்வளவு அகலமாகப் பார்க்கும்போது சூரியனை ஒதுக்கிவைக்க இடமே இருக்காது.

முட்டத்துக்காரன்:

துடைப்பது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு அதுதான் பாதி வேலை.

அலை அடிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பு போகாது, பரவும். உப்பு கண்ணாடியைக் கீறுவதில்லை. அதோடு சேர்ந்து வரும் மணல் கீறும். முக்கியமாக நம் பக்கத்து மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது, கண்ணாடியைவிடக் கடினம். சேலை முந்தானையாலும் சட்டை நுனியாலும் துடைக்கிறவர்கள் அந்த மணலை வைத்துத்தான் தேய்க்கிறார்கள்.

முதலில் ஊதி மணலைப் போக்குங்கள். பிறகு மெல்லிய துணியின் ஒரு மூலையைக் குடிநீரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். அதன்பின் உலர்ந்த மூலையால் ஒற்றி எடுங்கள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கொடுக்கும் துணி போதும். அதைக் கைப்பையில் போடாமல் ஒரு சிறு உறைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் துணியிலேயே மணல் சேரும்.

விளக்கிலிருந்து நீண்ட கோடு ஒன்று ஒரே சாய்வில் கிளம்பினால் அது பெரும்பாலும் விரல் தேய்த்த தடம். தேய்த்த திசைக்குக் குறுக்காகக் கோடு வரும். இரவில் துறைமுக விளக்குகளை எடுக்கும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். துடைத்தால் போய்விடும்.

அருமனை ஆசிரியர்:

நாஞ்சில் அண்ணாச்சி சொன்ன எதிர்ப்புள்ளி விதியைப் பள்ளியில் நான் ஒரு பாடமாகவே நடத்துகிறேன். அந்தப் புள்ளி வெறும் கறை அல்ல, ஒளி மூலத்தின் தலைகீழான சிறு படம். 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்தது. நம் மாவட்டத்தில் பகுதி கிரகணம். அன்று போனில் எடுத்த படத்தில் சூரியன் வடிவமே இல்லாத வெள்ளைப் பிழம்பாக இருந்தது. எதிர்ப்புறத்தில் விழுந்த சிறு புள்ளியோ பிறை வடிவில், தலைகீழாக, தெளிவாக இருந்தது. சூரியன் அளவுக்கு மீறிய ஒளியால் வெளுத்துப்போகிறது. புள்ளியில் மிகச் சிறு பங்கே இருப்பதால் வடிவம் தப்பிப் பிழைக்கிறது. பிள்ளைகள் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை. (திரையில் மட்டும் பாருங்கள், சூரியனை நேரே பார்க்க வேண்டாம்.)

கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு, டிசம்பர் 3-ஐ ஒட்டிய நாட்களில், பேராலய விளக்கு அலங்காரத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். கருத்த வானத்தில் மங்கலாக ஒரு பச்சை விளக்கு வரிசை தலைகீழாகத் தொங்கும். இரவு முறையில் கேமரா நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பதால் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே புள்ளியை மறைக்க வெளிச்சமான வானம் கிடையாது. எனவே கோபுரத்தைப் படத்தின் மேல்பாதியில் வைத்து, புள்ளிகள் கீழே கூட்டத்தின் மேலும் கடைவீதி வெளிச்சத்தின் மேலும் விழும்படி விடுவேன்.

குமரிமுனைச் செல்வி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பல்பை வைத்துப் பார்த்தேன். பல்பு ஒரு பக்கம் போனால் புள்ளி மறுபக்கம் போகிறது, அண்ணன் போனிலும் அப்படியே. ஒட்டுக் கண்ணாடியை எடுத்தபோது அதன் விளிம்பு முழுவதும் வெள்ளையாக உப்பு இறங்கியிருந்தது. அடியில் இருந்த கேமராக் கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. இன்று காலை எடுத்த படங்களில் வெளிறல் பெரும்பகுதி போய்விட்டது. புள்ளி வருகிறது, ஆனால் அதைக் கடலின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன், தேடினால்தான் தெரிகிறது.

இரண்டு கேள்விகள் மிச்சம். புள்ளியை அழிக்கும் செயலி இருக்கும்போது இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று அண்ணன் கேட்கிறார். மற்றொன்று, எச்.டி.ஆரை அணைத்தால் புள்ளி குறைகிறது, ஆனால் முகங்கள் கறுத்துவிடுகின்றன. குடும்பமாக வருகிறவர்கள் முகம் தெரியத்தான் படம் கேட்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

நாஞ்சில் நிழற்படம்:

வானத்திலோ கடலிலோ விழுந்த புள்ளியைச் செயலியில் அழிக்கலாம், தவறில்லை. பக்கத்து வானத்தை எடுத்து ஒட்டிவிடும், யாருக்கும் தெரியாது. முகத்தில் விழுந்தால் செய்யாதீர்கள். செயலி அங்கே வைப்பது அதுவாக உண்டாக்கிய தோல். கன்னத்து மச்சமும் சுருக்கமும் அதற்குத் தெரியாது. அறுபது வயது அம்மாவின் முகத்தில் அதெல்லாம்தான் அவர் பிள்ளைகளுக்கு வேண்டும். ஸ்டூடியோவில் ரீடச்சிங் செய்து பிழைத்தவன் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அழிப்பதற்குப் பதிலாக, போனைச் சிறிது நகர்த்தி உடனே இன்னொரு படம் எடுங்கள். புள்ளி இடம் மாறிவிடும்.

வீடியோவில் அழிப்பதும் கடினம். அங்கே கையால் நிழல் பிடிப்பதும் நிற்கும் இடத்தை மாற்றுவதும்தான் வழி.

முகத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சூரியன் எழுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வானம் நிறைய நிறம் இருக்கும், நேர்வெயில் இருக்காது. ஃபிளேருக்கே இடமில்லாத நேரம் அது. குடும்பப் படத்தை அப்போதே எடுத்துவிட்டு, பிறகு உதயத்தை அவர்கள் நிம்மதியாகப் பார்க்கட்டும். இரண்டாவது, உதயம் ஆனதும் அவர்களைத் திருப்பி நிறுத்துங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரட்டும். இளவெயில் முகத்தில் நேரே விழும்; பின்னணியில் அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரங்கள் பொன்னிறமாக இருக்கும். எல்லோரும் கடலையே பின்னணியாகக் கேட்பார்கள், ஆனால் ஒரு முறை இப்படி எடுத்துக் காட்டினால் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போடுவார்கள்.

கடலும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் உங்கள் விடுதியிலேயே பொருள் இருக்கிறது. சலவையான வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டு பேர் விரித்து, படம் எடுக்கும் உங்களுக்குப் பக்கத்தில், சூரியனைப் பார்த்தபடி பிடிக்கட்டும். வெயில் அதில் பட்டு நிற்பவர்களின் முகத்துக்குத் திரும்பும். தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பூப்போட்ட விரிப்பு வேண்டாம், அந்த நிறம் முகத்தில் ஏறும்.

குமரிமுனைச் செல்வி:

விரிப்புக்கு மேலாளரிடம் கேட்டுவிட்டேன். சலவைக்குப் போகும் முன் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். காற்று அதிகமாக இருந்தால் விரிப்பு நிற்குமா?

முட்டத்துக்காரன்:

நிற்காது. மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரண்டு மூங்கில் கழிகளில் சுற்றிக் கட்டிவிடுங்கள், பிடிக்கிறவர்கள் கழியைப் பிடித்தால் போதும். ஆனி, ஆடிக் காற்றில் அதுவும் முடியாது. அந்த மாதங்களில் அண்ணாச்சி சொன்ன முதல் வழியே சரி.